இடது கையால் வாங்கிய ஷீல்டு

எங்கள் கம்பெனியில் பெயின்ட் ஷாப்புக்குப் போகும் வழியில், குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே, ஒரு கபடி வீரரின் படத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். இரண்டு ஆள் உயரப் படம். வலது தோளில் நீலநிற டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக்கொண்டு, எதிரணிக்காரர்கள் காலைப் பிடித்து இழுக்க, நடுக்கோட்டைத் தொடக் கையை நீட்டியபடி அவர் விழுந்துகொண்டிருப்பார். கீழே 'வலியைப் பார்க்காதே, கோட்டைப் பார்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எந்தப் புண்ணியவான் எழுதிக் கொடுத்தானோ. வலியைப் பார்ப்பதுதான் என் வேலை. அந்தக் கம்பெனியின் முதலுதவி அறையில் நான் நர்ஸ்.

ஒரகடம் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனிகள் எத்தனையோ இருக்கின்றன. அதில் ஒன்று எங்களுடையது. முதலுதவி அறை என்றால் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு ஏசி, ஒரு பாத்ரூம். விரல் வெட்டிக்கொண்டு வருபவர்கள் குறைவு. தோள், முதுகு, முட்டி என்று வருபவர்கள்தான் அதிகம். அப்படி வருபவர்கள் மாத்திரை கேட்க மாட்டார்கள். "சிஸ்டர், அந்த ஸ்ப்ரே" என்பார்கள். டிவியில் பார்த்திருக்கிறார்கள். விழுந்து கிடக்கிற ஆட்டக்காரனிடம் பையோடு ஒருவர் ஓடிவருவார், புஸ் புஸ் என்று அடிப்பார், ஆட்டக்காரன் எழுந்து ஓடுவான். கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அது கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்குமே தவிர எதையும் சரிபண்ணாது என்று ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். "தெரியும் சிஸ்டர், அடிங்க, லைன் ஓடிக்கினு கீது" என்பார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். தொண்டையும் என்னுடையதுதானே.

அந்தப் போஸ்டர் வந்த பிறகு இது இன்னும் அதிகமானது. ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று கையைக் காலை ஆட்டி உடற்பயிற்சி செய்ய வேண்டும். பிறகு பாதுகாப்பு உறுதிமொழி. பிறகு சூப்பர்வைசர் பேசுவார். பெயின்ட் ஷாப் சூப்பர்வைசர் கெட்ட மனுஷர் இல்லை. அவரைக் குடைவதற்கு மேலே ஒருவர் இருக்கிறார், அந்த ஒருவரைக் குடைய இன்னொருவர். ஆனால் போஸ்டரைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு வேறு பேச்சே கிடையாது.

"தோளு எறங்கிப் போன கையோட கடைசி ரெய்டு போயி டீமை ஜெயிக்க வெச்சாரு அவரு. நீங்க இன்னாடான்னா மூக்கு ஒழுவுதுன்னு லீவு கேக்கறீங்க. வெக்கமா இல்ல?"

எல்லோரும் வெட்கப்பட்டார்கள். அதுதான் எனக்கு ஆச்சரியம். அந்த வீரர் ஆடுவது நாற்பது நிமிஷம். பக்கத்தில் டாக்டர் நிற்கிறார், மசாஜ் பண்ண ஆள் நிற்கிறது, முடியாவிட்டால் உள்ளே இறங்க வேறு ஆட்டக்காரன் காத்திருக்கிறான். இவர்கள் எட்டு மணி நேரம் நிற்கிறார்கள், ஓ.டி. வந்தால் அதற்கு மேலும். ஆனாலும் மூக்கு ஒழுகியவன் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றான்.

கேன்டீனில் ஒரு நாள் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. விளையாட்டுக்காரர்களை நாம் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா? பட்டிமன்றம் மாதிரி இரண்டு மேஜை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. "வெளயாட்டுக்காரன் வெளயாட்டுல மட்டும்தாம்பா பெரிய ஆளு. ஒரு கிரிக்கெட்டுக்காரன் வெளம்பரத்துல சிரிச்சிக்கினே சொன்னான்னு போன்ல காசு கட்டி கேம் ஆடி, பொண்டாட்டி தாலிய அடகு வெச்சவன் நானு" என்றார் ஒரு வெல்டர். எதிர்மேஜையிலிருந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் எழுந்து நின்றுவிட்டார். "இந்தக் கபடிக்காரரு பேச்சக் கேட்டுத்தான் நான் குடிய வுட்டேன். அது தப்பா? சொல்லு, தப்பா?" இரண்டு பேரும் சொன்னது உண்மை. இரண்டு பேருக்கும் நான்தான் பிரஷர் பார்க்கிறேன். யார் பக்கம் என்று என்னைக் கேட்டார்கள். சாம்பாரில் உப்பு இல்லை, அதை முதலில் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்தச் சண்டையில் வாயே திறக்காதவன் ஒருவன் இருந்தான். என் தம்பி. அவனுக்கு அது விவாதமே இல்லை.

தம்பி பெயின்ட் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆள். தலைக்கு மேலே வரிசையாகக் கொக்கிகள் ஓடிக்கொண்டே இருக்கும். பம்பரைத் தூக்கி அதில் மாட்ட வேண்டும். மாட்டிய பம்பர் பெயின்ட் அறைக்குள் போகும், அடுத்த கொக்கி வரும். கம்பெனிக்குள், நாலு பேர் எதிரில், மற்றவர்களைப் போல அவனும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவான். எங்கள் வீடு வல்லக்கோட்டைப் பக்கம். கீழே அம்மாவும் அவனும், மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். அவன் எங்கள் ஊர்க் கபடி டீமில் நல்ல ரெய்டர். மாவட்ட அளவில் ஒரு தடவை ஆடினான், அதோடு சரி. போஸ்டரில் இருந்தவர் தெற்கே ஏதோ ஒரு கிராமத்துப் புழுதியில் ஆடி, லீக்குக்கு வந்து, டிவிக்கு வந்தவர். "நம்ள மாதிரிதாங்கா அவரும்" என்பான் தம்பி. சினிமா நடிகனைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை. தன்னை மாதிரியே ஒருவன் மேலே போயிருக்கிறான் என்றால், அவன் செய்ததையெல்லாம் தானும் செய்ய வேண்டும் என்று தோன்றிவிடுகிறது போலிருக்கிறது.

ஒரு வருஷம் லீவே போடாமல் வந்தால் பர்மனென்ட் ஆக்குவதற்குப் பெயர் போகும் என்று சொல்லியிருந்தார்கள். பர்மனென்ட் ஆனால் பேசலாம் என்று ஒரு பெண் வீட்டாரும் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது என்று அம்மா சொன்னாள். அவ்வளவும் அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆடி மாதம் வாக்கில் வலி ஆரம்பித்தது. முதலில் சொல்லவில்லை. சட்டை மாட்ட அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த நாள் எல்லோரையும் போல என் அறை வாசலில் வந்து நின்றான்.

"சிஸ்டர், ஸ்ப்ரே."

"கையத் தூக்கு."

பாதி தூக்கினான். அதற்கு மேல் போகவில்லை. முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வாடா. ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம். உள்ள ஏதோ கிழிஞ்சிருக்கு."

"லீவு போட்டா போச்சுக்கா. இன்னும் கொஞ்ச மாசம்தான். அப்பறம் நீ எங்க கூப்ட்டாலும் வரேன்."

"அது வரிக்கும் கையி இருக்கணுமேடா."

"அவருக்குத் தோளே எறங்கிடுச்சுக்கா. எனுக்கு வெறும் வலிதான்."

நான் படித்த நர்சிங்கில் இதற்கு மருந்து இல்லை. கூட வேலை செய்கிறவன் நல்லவன். அவன் மேலே மாட்ட, இவன் கீழேயிருந்து பம்பரை எடுத்துக் கொடுத்து ஒப்பேற்றினான். சூப்பர்வைசர் வரும் நேரம் மட்டும் இவனே மாட்டுவான். ஆன்லைனில் அதே நீல டேப்பை வாங்கினான். அம்மா கையில் போனைக் கொடுத்து, படத்தில் இருப்பதைப் போலவே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டச் சொன்னான். டேப்பை எந்தத் தசைக்கு எப்படி ஒட்ட வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் அம்மாவுக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற மாதிரி அழுத்தி அழுத்தி ஒட்டினாள். பெயின்ட் காய்கிற சூட்டில் டேப்புக்கு அடியில் தோல் வெந்து கொப்புளித்தது. அதற்கும் நான்தான் களிம்பு போட்டேன். போட்டுக்கொண்டே திட்டினேன். அவன் என் திட்டைக் கேட்டபடி போனில் பழைய மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அந்தப் போஸ்டரைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று கூடத் தோன்றியது. தினமும் அதைத் தாண்டித்தான் போனேன், கிழிக்கவில்லை. வேலை வேண்டுமே.

இப்படியே ஓட்டி அவன் வருஷத்தை முடித்தான். அந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் குடும்ப தின விழா வந்தது. சிறப்பு விருந்தினர் அந்த வீரர்தான் என்று சொன்னதும் பெயின்ட் ஷாப்பில் விசில் பறந்தது. பார்க்கிங் பக்கத்து மைதானத்தில் பந்தல் போட்டார்கள். முழு வருகைக்காரர்களுக்கு அவர் கையால் ஷீல்டு. தம்பி பெயரும் இருந்தது. அவன் புதுச் சட்டை எடுத்தான். அம்மா வீட்டில் பாயசம் வைத்தாள்.

விழா அன்று மதியம் ஹெச்.ஆர். அதிகாரி என் அறைக் கதவைத் தட்டினார். "சிஸ்டர், நிகழ்ச்சிக்கு இன்னும் நேரம் இருக்கு. சார் இங்கயே கொஞ்ச நேரம் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். ஏசியும் கட்டிலும் பாத்ரூமும் ஒரே இடத்தில் இருப்பது என் அறையில்தான். அவர் பின்னாலிருந்து அந்த வீரர் உள்ளே வந்தார். போஸ்டரில் இருந்ததில் பாதிதான் இருந்தார். பின்கழுத்தில் நரைகூட எட்டிப் பார்த்தது. வாசலைத் தாண்டும்போதே வலி மருந்து வாசனை அடித்தது. ஹெச்.ஆர். அதிகாரி போனதும், "அக்கா, ஐஸ் இருக்கா?" என்று கேட்டார்.

டீ ஷர்ட்டைக் கழற்ற அவரால் முடியவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன், தம்பிக்குக் கழற்றிவிடுகிற மாதிரியே, நல்ல கையை முதலில் எடுத்து, பிறகு தலை, பிறகு கெட்ட கை. தோள் ஒரு பக்கம் இறங்கியே இருந்தது. ஐஸ் பையை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"தூங்கும்போதும் வலிக்குமா?"

"எங்க தூங்க? ரெண்டு சீசனா இப்படித்தாங்க்கா. தலை சீவ முடியல. தோளு இறங்குன அன்னைக்கு நான் ஆடியிருக்கவே கூடாது. ஊசி போட்டு இறக்கிவிட்டாங்க. நானும் இறங்கிட்டேன். ஆடலன்னா அடுத்த ஏலத்துல நம்ம பேரே வராது, பாத்துக்கிடுங்க."

இவரும் கான்ட்ராக்ட் ஆள்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாவமாக இருந்தது. ஆனால் பாவத்தோடு கோபமும் இருந்தது. மனதில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை, கேட்டுவிட்டேன்.

"என் தம்பி இங்கதான் வேலை செய்றான். உங்களப் பாத்து, உங்கள மாதிரியே டேப்பு ஒட்டிக்கினு, ஒரு நாள் லீவு போடாம வந்து தோளக் கெடுத்துக்கினான். நான் சொன்னா கேக்கல. இப்ப என்னாண்ட சொன்னீங்களே, இத மேடையில சொல்லுங்களேன்."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு பேன்ட் பாக்கெட்டிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். "என்ன பேசணும்னு எழுதியே குடுத்துட்டாங்கக்கா. நான் என்ன செய்ய?" என்றார். அதற்குள் அழைத்துப் போக ஆள் வந்துவிட்டது. சட்டையை நான்தான் மாட்டிவிட்டேன்.

மேடையில் அவர் காகிதத்தைப் பார்க்காமலே பேசினார். வலியைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள் என்றார். உங்கள் லைன்தான் உங்கள் ஆடுகளம் என்றார். அன்றைக்கு அந்தக் கடைசி ரெய்டு போகாமல் இருந்திருந்தால் இன்று உங்கள் முன் நின்றிருக்க மாட்டேன் என்றார். கைதட்டலில் பந்தலே ஆடியது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து என் கையில் இருந்த ஐஸ் ஈரத்தைப் புடவையில் துடைத்தேன். என் அறையில் பேசியவர் வேறு ஆள் போல இருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் போல இருந்தது.

ஷீல்டு கொடுக்க ஆரம்பித்தார்கள். தம்பி பெயரைக் கூப்பிட்டதும் பெயின்ட் ஷாப் முழுக்க எழுந்து கத்தியது. மேடை ஏறியவன் இரண்டு கையையும் நீட்டப் பார்த்தான். வலது கை வரவில்லை. அன்று காலையிலிருந்தே அது இடுப்புக்கு மேலே ஏறவில்லை, எனக்குத் தெரியும். ஒரு நொடி தடுமாறி, இடது கையை மட்டும் நீட்டினான். நம் ஊரில் பெரிய மனுஷரிடம் இடது கையால் எதையாவது வாங்குவார்களா? பந்தலில் சிரிப்பும் ஊளையும் கிளம்பியது. "தம்பி, வலது கை, வலது கை" என்று போட்டோ எடுப்பவர் கத்தினார். "ஒரு மரியாத தெரிய வாணாம்?" என்று சூப்பர்வைசர் மேடைக்குக் கீழே நின்று பல்லைக் கடித்தார். தம்பி முகம் செத்துப்போயிற்று. அவர் வருகிறார் என்று சொன்ன நாளிலிருந்து அவன் ஆசையாகக் காத்திருந்தது அந்த ஒரு நிமிஷத்துக்காக.

அந்த வீரர் அவன் தோளைப் பார்த்தார். பிறகு ஷீல்டைத் தன் இடது கைக்கு மாற்றி, இடது கையாலேயே கொடுத்தார். அதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. கட்டிப் பிடிப்பவரைப் போல அவன் பக்கம் சாய்ந்து காதில் ஏதோ சொன்னார். போட்டோவுக்குச் சிரித்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து ஷீல்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். வாசலில் இறங்கியதும் சொன்னான்.

"'நர்ஸக்கா தம்பியா?'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். 'நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிரு தம்பி. நான் போவாம கெட்டேன்'னாரு." பிறகு, "நாளிக்கு போலாமாக்கா?" என்றான்.

சந்தோஷப்படுவதா, செவுளில் ஒன்று விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கூடப் பிறந்தவள், நர்ஸ், மாதக்கணக்கில் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். அந்த மனுஷர் ஒரு வரி சொன்னார், முடிந்தது. சரி, போகட்டும், யார் சொன்னால் என்ன என்று மறுநாள் அழைத்துப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டர் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பயிற்சியிலேயே சரிபண்ணியிருக்கலாம், இப்போது ஆபரேஷன்தான், அதற்குப் பிறகும் கை தலைக்கு மேலே முழுசாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். தம்பி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். தலைக்கு மேலே கை போகாதவனுக்குக் கொக்கி லைனில் என்ன வேலை?

ஆபரேஷன் முடிந்தது. அந்த வருஷம் பர்மனென்ட் ஆனவர்களில் அவன் இல்லை. லீவில் இருப்பவனை எப்படிச் சேர்ப்பது, அடுத்த வருஷம் பார்க்கலாம் சிஸ்டர் என்று ஹெச்.ஆர். அதிகாரி என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னார். பெண் வீட்டார் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அம்மா வெள்ளிக்கிழமை தோறும் முருகனிடம் போய் நின்றுவிட்டு வருகிறாள். ஷீல்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

விளையாட்டுக்காரர் முன்மாதிரியா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் சாம்பாரைக் காட்டித் தப்பிக்க மாட்டேன். ஆனால் தெளிவாக ஒன்றும் சொல்லவும் வராது. அந்த மனுஷர் நல்லவர். பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி பொய் சொன்னார், ஒருத்தன் காதில் உண்மை சொன்னார். அவருடைய பிழைப்பில் உண்மைக்கு அவ்வளவுதான் இடம் இருந்தது. அவரை என் தம்பி சுவரில் ஒட்டவில்லை. ஒட்டியவர்களுக்கு அவருடைய தோள் எப்படி இருந்தால் என்ன, இவனுடைய தோள் எப்படி இருந்தால் என்ன. எனக்கு இதையெல்லாம் யோசித்து யோசித்துச் சலித்துவிட்டது. மறுபடியும் அதே வேலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் லீக் மறுபடியும் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். தம்பியின் கை கழுத்தோடு சேர்த்துக் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீரர் இந்த சீசன் ஆட மாட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அவன் அதை நம்பி நிம்மதியாக இருந்தான். இரண்டாவது பாதியில் அவரை இறக்கினார்கள். தோள் முழுக்க டேப். "வலியைத் துச்சமாக மதித்துக் களமிறங்குகிறார்" என்று வர்ணனையாளர் உற்சாகமாகக் கத்தினார்.

"உன் ஆளு வன்ட்டான்டா" என்று அம்மா கைதட்டினாள்.

"வாணாம்ணா" என்றான் தம்பி, டிவியைப் பார்த்து.

அவர் ரெய்டுக்குப் போனார். மூன்று பேர் சேர்ந்து மேலே விழுந்து அமுக்கினார்கள். எழுந்திருக்க நேரமானது. கேமரா அவர் முகத்துக்குப் பக்கத்தில் போனது. சிரித்தார். வலி தாங்காதவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். என் அறையில் நான் தினமும் பார்க்கிறேன்.

"எனுக்கு சொன்னியேண்ணா" என்று தம்பி கத்தினான். "உனுக்கு சொல்றதுக்கு ஒரு ஆளு கூடவா இல்ல?"

கத்திய வேகத்தில் தோள் இழுத்து, அப்படியே குனிந்துவிட்டான். அம்மா பதறி எழுந்தாள். நான் ரிமோட்டை எடுத்து, நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன்.

"வாணாங்க்கா. அவரு வெளிய போற வரிக்கும் இருக்கட்டும்."

அவர் வெளியே போகவில்லை. கடைசி விசில் வரைக்கும் ஆடினார்.